ஏப்ரல் முதல் தேதி மாரிகுப்பத்தில் சங்கு ஊதிய விவகாரம்

பெயர் மு. குணசுந்தரி. தகப்பனார் பெயர் முனிரத்தினம். வயது பதினேழு. தொழில், பி.யு.சி. முதலாம் ஆண்டுப் பரீட்சை எழுதிவிட்டு முடிவு வரும்வரை வீட்டில் திட்டு வாங்குவது. விலாசம், கோயில் லைன், மாரிகுப்பம், கோலார் தங்கவயல்.

நான் மேற்படி விலாசத்தில் என் அப்பா, அம்மா, தாய்மாமன் உதய் ஆகியோருடன் குடியிருந்து வருகிறேன். எனக்குக் கன்னடம் பேசவும் திட்டவும் வரும், எழுத வராது. ஆகவே 2001 ஏப்ரல் 2, திங்கட்கிழமையாகிய இன்று, காவல் நிலையத்தில் எஸ்.ஐ. அவர்கள் கேட்க, ஏட்டு சம்பங்கி அவர்கள் அதைத் தமிழில் சொல்ல, பெண் காவலர் ஷைலஜா பக்கத்தில் இருக்க, இதை என் கைப்பட எழுதுகிறேன். அப்பாவும் உடன் இருக்கிறார். என்னை யாரும் மிரட்டவில்லை. ஏட்டு ஐயா மட்டும், "நடந்தத எழுதும்மா, கதை வுடாத" என்றார். நடந்ததில் ஒன்றையும் விடக்கூடாது என்று எஸ்.ஐ. அவர்கள் சொன்னபடியால் ஒன்றையும் விடவில்லை.

மூடிய சுரங்கத்தின் சொத்துகளைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி கொடுத்த புகார் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்டின் கேட்டில் வாட்ச்மேனாக இருக்கும் ஆபிரகாம் என்பவரும் நானும் கூட்டுச் சேர்ந்து, ஏப்ரல் ஃபூல் செய்யும் நோக்கத்துடன், நேற்று ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் சுரங்கத்துச் சங்கை ஊதி, ஊர் ஜனங்களை ஓட விட்டோம் என்பது புகாரின் சாரம். சுரங்கம் மூடி ஒரு மாதம் ஆகிறது. எல்லோரும் வீட்டுக்கு வந்துவிட்ட பிறகும் வேலையில் வைத்துக்கொள்ளப்பட்ட சிலரில் ஆபிரகாம் அங்கிளும் ஒருவர். சங்கை ஊதியது விளையாட்டுக்குத்தான் என்று முடிவானால் அந்த வேலையும் போய்விடும் என்று எஸ்.ஐ. அவர்கள் சொன்னார். ஆபிரகாம் அங்கிள் இதை நான் எழுதும்போது எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் தொப்பி.

முதலில் என்னைப் பற்றி நானே சொல்லிவிடுகிறேன், எப்படியும் ஊரில் விசாரித்தால் தெரிந்துவிடும். எனக்கு இந்த லைனில் ஒரு பெயர் உண்டு. தண்ணீர் வராத நாளில் தண்ணீர் வருகிறது என்று கத்திக் குழாயடியில் ஊர்க் குடம் எல்லாவற்றையும் வரிசையில் நிற்க வைத்தது நான்தான். பெரிய ஆபீசர் ஜீப் வருகிறது என்று ஆபிரகாம் அங்கிளிடம் ஓடிச் சொன்னதும் நான்தான். அவர் கழுத்துப் பொத்தான் போட்டு, நெஞ்சை நிமிர்த்தி, சல்யூட் வைத்தபோது திருப்பத்தில் மணி அடித்துக்கொண்டு வந்தது ஐஸ் வண்டி. அன்றிலிருந்து அவர் என்னைக் கண்டால் கம்பைத் தேடுவார். என்னோடு கூட்டுச் சேர அவருக்கு எந்த முகாந்திரமும் இல்லை என்பதற்கு இதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன். இந்த இடத்தை நான் உரக்கப் படித்தபோது அவர் எஸ்.ஐ. அவர்களிடம், "இந்தப் பொண்ணு சொல்றது எதையும் நம்பாதீங்க சார்" என்றார். அது அவருக்கு நல்லதா கெட்டதா என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

என் மாமா உதய், வயது இருபத்தாறு, சுரங்கம் மூடும்வரை அண்டர்கிரவுண்டில் வேலை செய்து வந்தார். அதன் பிறகு வேலை தேடியதில், சென்னைத் துறைமுகத்தில் கப்பலுக்கு அடியில் முங்கி, ஒட்டியிருப்பதைச் சுரண்டிச் சுத்தம் செய்கிற கான்ட்ராக்டர் ஒருவர் ஆள் எடுப்பது தெரிந்தது. நேரில் வந்து நீந்திக் காட்ட வேண்டும், காலில் மாட்டும் ரப்பர் துடுப்பும் தண்ணீருக்குள் எரியும் டார்ச்சும் சொந்தமாக வைத்திருப்பவருக்கு முதலிடம் என்று சொல்லியிருந்தார்கள். அதன்பேரில் மாமா சனிக்கிழமை பெங்களூர் போய் மேற்படி துடுப்பு ஒரு ஜோடியும் டார்ச் இரண்டும் புதிதாக வாங்கி வந்தார். துடுப்பு கறுப்பு நிறம். அதைப் போட்டு நடந்தால் வாத்து கல்யாணத்துக்குப் போவது போல இருக்கும். மாமா வீட்டுக்குள் போட்டு நடந்து பார்த்ததில் அம்மாவின் ரசச் சட்டி கவிழ்ந்தது. ஆகவே வெளியே கொண்டுபோய்ப் பரிசோதிப்பது என்று முடிவாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு நானும் மாமாவும் மாரிகுப்பம் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் கல்குட்டைக்குப் போனோம். முன்பு கல் வெட்டி எடுத்த இடம், இப்போது தண்ணீர். எனக்கு நீச்சல் தெரியும், மாமாதான் கற்றுக் கொடுத்தார். கரையில் மாமா பையைப் பிரித்து, முதல் டார்ச்சை எடுத்து, தன் சட்டைப் பையிலிருந்து தன் டோக்கனை எடுத்துப் பாறையில் அடித்திருந்த பழைய ஆணியில் மாட்டினார். நான் இரண்டாவது டார்ச்சைக் கேட்டேன்.

"டோக்கன் எங்க?" என்றார்.

"இன்னா மாமா, இது குட்டை. லேம்ப் ரூமா?"

"லைட்டு லைட்டுதான். டோக்கன் வாங்காம லைட்டு குடுத்தா எனக்குக் கை வராது. போ, போய்க் கொண்டா."

சுரங்கத்து வீட்டில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எஸ்.ஐ. அவர்கள் தார்வாடக்காரர் என்பதால் எழுதுகிறேன். ஷிஃப்டுக்குப் போகிறவர் தன் நம்பர் அடித்த பித்தளை டோக்கனை லேம்ப் ரூமில் கொடுப்பார். அதை ஆணியில் மாட்டிவிட்டு விளக்கைக் கொடுப்பார்கள். மேலே ஏறி வந்து விளக்கைத் திருப்பிக் கொடுத்தால்தான் டோக்கன் கைக்கு வரும். ஷிஃப்ட் முடிந்த பிறகும் ஆணியில் டோக்கன் தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறார் என்று பொருள். வேறு பொருள் கிடையாது. அதைப் பார்த்தவர் யாரையும் எதுவும் கேட்க மாட்டார், ஆள் கூட்டுவார். சுரங்கம் மூடும்போது சிலர் டோக்கனைத் திருப்பிக் கொடுத்தார்கள், சிலர் கொடுக்கவில்லை. எங்கள் வீட்டில் கொடுக்கவில்லை. இதற்கென்று தனியாகக் கேஸ் போட வேண்டாம்.

எனக்கென்று டோக்கன் இல்லாதபடியால் நான் வீட்டுக்கு ஓடினேன். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். அவர் டோக்கன் சைக்கிள் சாவியோடு கோத்திருந்தது. அதைக் கழற்றி எடுத்துக்கொண்டேன். ஏட்டு ஐயா இதைத் திருட்டு என்றார். வீட்டுக்குள்ளேயே இடமாற்றம் என்பது என் கட்சி. அதன் பிறகு ஓடி வந்து அப்பாவின் டோக்கனை மாமாவின் டோக்கனுக்குப் பக்கத்தில் மாட்டினேன். மாமா டார்ச்சைக் கொடுத்தார். செருப்புகளைப் பாறை ஓரம் கழற்றிவிட்டு இருவரும் இறங்கினோம்.

முதலில் மாமா துடுப்பு போட்டுக்கொண்டு நீந்தினார். ஒரு உதையில் அவர் போன தூரத்தைப் பார்த்து நான் கை தட்டினேன். அதன் பிறகு நான் போட்டுக்கொண்டேன், எனக்குப் பெரிதாக இருந்ததால் துப்பட்டாவைக் கிழித்துக் கட்டிக்கொண்டேன். அதன் பிறகு ஆளுக்கு ஒன்று போட்டுப் பார்த்தோம். ஒரு காலில் மட்டும் துடுப்பு போட்ட மனிதன் எவ்வளவு முயன்றாலும் நேராகப் போக மாட்டான், செக்கு மாடு மாதிரி சுற்றுவான் என்பது நிரூபணமாயிற்று. அதன் பிறகு டார்ச்சோடு முங்கினோம். பகல்தான் என்றாலும் அந்தக் குட்டையில் இரண்டு ஆள் ஆழத்துக்குக் கீழே இருட்டு. டார்ச்சைப் போட்டதும் வெளிச்சம் கோல் மாதிரி நேராகப் போய், ஒரு இடத்தில் பால் ஊற்றியது போலக் கலங்கி நின்றது. கல் வெட்டியவர்கள் விட்டுப்போன உளித் தடம் சுவர் முழுக்கத் தெரிந்தது. சின்ன மீன்கள் வெளிச்சத்துக்குள் வந்து நின்று என்னைப் பார்த்தன. மூச்சு முட்டியதால் மேலே வந்தேன். மாமா எனக்கும் பிறகுதான் வந்தார். சிரித்துக்கொண்டே வந்தார். சுரங்கம் மூடியதிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. "கெடைச்சிடும் குணா, இந்த வேல கெடைச்சிடும்" என்றார்.

அப்போது நாங்கள் எதிர்க்கரைப் பக்கம் வந்திருந்தோம். பசித்தது. எதிர்க்கரையில் ஏறினால் பார்வதம்மாவின் டீக்கடை கிட்ட. ஆகவே அங்கேயே ஏறினோம். நான் டோக்கன்களை நினைத்தேன் என்பதைக் குறிப்பிட விரும்புகிறேன். "மாமா, டோக்கன எடுத்துக்கினு வர்ட்டா?" என்று கேட்டேன். அவர் கையிலிருந்த டார்ச்சைக் காட்டி, "லைட்டு இன்னும் நம்ம கையிலதான கீது? லைட்டத் திருப்பித் தராம டோக்கன எப்பிடி எடுக்கறது? டீ குடிச்சிட்டு வந்து இன்னொரு தபா எறங்கலாம்" என்றார். அது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. மறந்துபோய் விட்டோம் என்று ஊரில் சொல்வது தவறு. சட்டப்படிதான் விட்டோம். புதிய டார்ச்சைக் கரையில் வைத்துவிட்டுப் போக மாமாவுக்கு மனசு வரவில்லை. ஆகவே துடுப்பும் டார்ச்சும் எங்களோடு டீக்கடைக்கு வந்தன. டோக்கனும் செருப்பும் அந்தக் கரையில் இருந்தன.

நாங்கள் போன பிறகு நடந்ததை ஏசுபாதம் தாத்தா சொல்லி அறிந்தேன். அவர் முன்பு சுரங்கத்து லிஃப்டாகிய கேஜின் வாசலில் மணி அடித்து ஆட்களை ஏற்றி இறக்கும் வேலை பார்த்தவர். ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டக் குட்டைக்கு வந்திருக்கிறார். ஆணியில் இரண்டு டோக்கன். கீழே இரண்டு ஜோடி செருப்பு. தண்ணீர் அசைவில்லாமல் கிடந்திருக்கிறது. குரல் கொடுத்துப் பார்த்திருக்கிறார். ஆடுகளை அப்படியே விட்டுவிட்டு ஷாஃப்ட் கேட்டுக்கு ஓடியிருக்கிறார்.

கேட்டில் ஆபிரகாம் அங்கிளிடம் அவர் சொன்னது இவ்வளவுதான் என்று இருவரும் ஒப்புக்கொள்கிறார்கள்: "கல்குட்டைல ரெண்டு டோக்கன் தொங்குது. ஆளக் காணம்." யாருடைய டோக்கன் என்று ஆபிரகாம் அங்கிள் கேட்கவில்லை. குட்டையில் ஏன் டோக்கன் என்று கேட்கவில்லை. ஆபீசுக்கு போன் செய்யவில்லை. இன்று என்ன தேதி என்றும் யோசிக்கவில்லை. பம்பு ஓடுவதற்காக அங்கே கரண்ட் வைத்திருக்கிறார்கள். அவர் நேராகப் போய்ச் சங்கை விட்டு விட்டு ஊதினார். ஷிஃப்டுக்கு ஊதினால் ஒரே இழுப்பு. விட்டு விட்டு ஊதினால் உள்ளே ஆள் மாட்டிக்கொண்டது என்று இங்கே கைக்குழந்தைக்கும் தெரியும்.

சங்கு கேட்டபோது நான் போண்டாவின் இரண்டாவது பாதியில் இருந்தேன். பார்வதம்மா எண்ணெய்ச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டார். கடையில் இருந்த அத்தனை பேரும் எழுந்து ஓடினார்கள், ஒருவரும் டீக்குக் காசு கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. மாமாவும் நானும் ஓடினோம். வழியில் ஒருவர், "கல்குட்டை! ரெண்டு பேர் உள்ள!" என்று கத்திக்கொண்டு போனார்.

இந்த இடத்தில் எஸ்.ஐ. அவர்கள் பேனாவை மேஜையில் வைத்துவிட்டு, "அப்போதாவது உங்களுக்குத் தோன்றவில்லையா?" என்று கேட்டார். தோன்றவில்லை. மாமா சொன்னது, "நாம இருந்தப்ப யாருமே இல்லியே! நாம வந்தப்புறம் எவனோ எறங்கியிருக்கான்" என்பதுதான். அதோடு, "தண்ணில எரியற லைட்டு இந்த ஊர்லயே நம்மகிட்டதான் கீது. ஓடு குணா!" என்றார். அது உண்மையும்கூட. எங்களைக் காப்பாற்ற எங்களை விடத் தகுதியானவர்கள் ஊரில் யாரும் இல்லை. ஆகவே முழு வேகத்தில் ஓடினோம்.

அதே நேரத்தில் என் அப்பா சங்கு கேட்டுத் தூக்கத்திலிருந்து எழுந்து, கட்டில் கயிறா கிணற்றுக் கயிறா என்று பார்க்காமல் கையில் கிடைத்த கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறார். லைனில் இருந்த ஆண்கள் எல்லோரும் அப்படித்தான் ஓடினார்கள். ஒரு மாதமாகப் பகலில் படுத்துக் கிடந்தவர்கள். யார் எங்கே நிற்பது, யார் கயிறு பிடிப்பது என்று ஒருவரும் ஒருவருக்கும் சொல்லவில்லை, வந்தவுடன் அவரவர் இடத்தில் நின்றார்கள் என்று ஏசுபாதம் தாத்தா சொல்கிறார். அப்பா முன்னால் போய், "யாரு நம்பரு?" என்று கேட்டிருக்கிறார்.

ஏசுபாதம் தாத்தாவுக்குத் தூரத்து எழுத்துதான் தெரியும், கிட்ட இருப்பது தெரியாது. ஆகவே டோக்கன் இரண்டையும் ஆணியிலிருந்து எடுத்து அப்பா கையில் கொடுத்து, "நீயே பாரு முனிரத்தினம்" என்றிருக்கிறார். அப்பா பார்த்தார். ஒன்று உதய் மாமாவுடையது. இன்னொன்று தன்னுடையது. தான் வெளியே நிற்கிறார், தன் டோக்கன் உள்ளே இருக்கிறது. பிறகு பாறை ஓரத்துச் செருப்பைப் பார்த்திருக்கிறார். நீல வார், போன பொங்கலுக்கு அவரே எடுத்துக் கொடுத்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். பிறகு தண்ணீருக்குள் நடந்தார்.

என் அப்பாவுக்கு நீச்சல் தெரியாது. அந்தக் குட்டையில் கரையிலிருந்து நாலு எட்டு வரைதான் படி, அதன் பிறகு தரை இல்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் முழுவதும் தண்ணீரைப் பார்த்து நின்றது, முதுகு மட்டும்தான் தெரிந்தது. நான் முன்னால் நின்ற ஒருவரிடம், "யாருண்ணா வுழுந்தது?" என்று கேட்டேன். அவர் திரும்பாமலே, "முனிரத்தினம் பொண்ணு. அவளத் தேடி அவனும் எறங்கிட்டான்" என்றார்.

மாமா அதற்குள் துடுப்பை மாட்டிவிட்டார். முந்தின நாள் வீட்டில் மாட்டிப் பழகியும் வராத வேகத்தில் மாட்டினார். டார்ச்சைப் போட்டுக்கொண்டு குதித்தார். நான் இன்னொரு டார்ச்சோடு பின்னாலேயே குதித்து, மேலே மிதந்தபடி வெளிச்சத்தைக் கீழே பிடித்துக்கொண்டிருந்தேன். கலங்கல். கொஞ்ச நேரம் மாமாவின் விளக்கு மட்டும் அடியில் இங்கும் அங்கும் போயிற்று. பிறகு நின்றது. பிறகு மேலே வரத் தொடங்கியது. கயிறு பிடித்தவர்கள் கயிற்றை வீசினார்கள், மாமா அதை அப்பாவின் அக்குளில் சுற்றினார், அவர்கள் இழுத்தார்கள்.

அப்பாவைக் குப்புறப் போட்டு முதுகை அழுத்தினார்கள். தண்ணீர் வந்தது. இருமினார். கண் திறந்தார். கண்ணாடி இல்லாததால் பக்கத்தில் குனிந்தவர்களை ஒவ்வொருவராக உற்றுப் பார்த்தார். என்னிடம் வந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அடிப்பார் என்று நினைத்துக் கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அடிக்கவில்லை. வீடு போகும்வரை கையை விடவும் இல்லை. அம்மா கொடுத்த காப்பியை இடது கையால் குடித்தார்.

அதன் பிறகுதான் கூட்டத்தில் யாரோ, "டேய், இன்னிக்கு ஏப்ரல் ஒண்ணுடா" என்றார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஒருவர் கயிற்றைத் தரையில் போட்டு, காறித் துப்பிவிட்டுப் போனார். அதற்குள் ராபர்ட்சன்பேட்டை வரைக்கும் செய்தி போய், புகார் கொடுத்த அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். நிஜ ஜீப். ஆபிரகாம் அங்கிள் சல்யூட் வைத்தார். அவர் அதை வாங்கிக்கொள்ளவில்லை.

என் மாமா உதய் இன்று காலை வண்டியில் பங்காருபேட்டை போய், அங்கிருந்து சென்னைக்குப் போயிருக்கிறார். நாளை நீந்திக் காட்ட வேண்டும். துடுப்பு ஈரம் காயாமலே போயிருக்கிறது. அவர் வந்ததும் தனியாக வாக்குமூலம் கொடுப்பார். அதுவரை நடந்தது முழுவதையும் அறிந்த ஆள் நான் ஒருத்திதான் என்பதும், அந்த ஒருத்தி சொல்வதை இந்த ஊரில் யாரும் நம்புவதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

இந்தத் தாளுக்கு முன்பு நான் வேறொரு தாளில் வேறு மாதிரி எழுதத் தொடங்கினேன். ஒன்றையும் விடக்கூடாது என்பதால் அதையும் சொல்கிறேன். எஸ்.ஐ. அவர்கள் போன் பேசப் போயிருந்தபோது ஏட்டு ஐயா என் பக்கத்தில் வந்து மெதுவாக, "இன்னாத்துக்கும்மா இவ்ளோ இழுக்கற? நான்தான் ஏப்ரல் ஃபூல் பண்ண டோக்கன மாட்டினேன், அந்தாளு ஏமாந்து ஊதிட்டாருன்னு எழுதிக் குடு. அவரு வேல தப்பிச்சிக்கும். உனக்கு வயசு பதினேழு, திட்டி அனுப்பிடுவாங்க" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்கும் அது பிடித்திருந்தது. உள்ளபடி சொன்னால், ஊரையே ஓட வைத்த அந்த வித்தை என் பெயரில் இருப்பதில் எனக்கு வருத்தம் இல்லை. பாதி எழுதியும்விட்டேன். ஆபிரகாம் அங்கிள்தான் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். கூட்டிக் கூட்டிப் படித்து முடித்து, அந்தத் தாளை என் கைக்குக் கீழிருந்து உருவிக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அதற்குள் எஸ்.ஐ. அவர்கள் வந்துவிட்டார். என்ன கிழித்தாய் என்று கேட்டார். ஏட்டு ஐயா தலையைச் சொறிந்துகொண்டே நடந்ததைச் சொன்னார். எஸ்.ஐ. அவர்கள் ஆபிரகாம் அங்கிளைப் பார்த்து, இது உனக்கு நல்லதுதானே, ஏன் கிழித்தாய் என்று கன்னடத்தில் கேட்டார். நானும் அவரைப் பார்த்துப் பேசாமல் இருக்கும்படி கண்ணால் ஜாடை காட்டினேன். அவர் என் பேச்சை இதற்கு முன் நம்பி ஐஸ் வண்டிக்குச் சல்யூட் வைத்தவர், இப்போது என் ஜாடையைப் பார்க்கவே இல்லை.

"டோக்கன் பொய்யின்னு ஒரு தபா எழுத்துல வந்துட்டா, அடுத்த தபா தொங்கறப்ப எவன் சார் ஓடியாருவான்? குணா வேலையா இருக்கும்னு நின்னுக்குவான்" என்றார்.

எஸ்.ஐ. அவர்கள் அடுத்ததாக ஒன்று கேட்டார். நேற்று நீ விசாரித்துவிட்டு ஊதியிருக்க வேண்டும், இனிமேல் இப்படி யாராவது ஓடிவந்து சொன்னால் முதலில் ஆபீசுக்குச் சொல்லுவேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடு, நான் அதிகாரியிடம் பேசுகிறேன் என்றார். இதைவிடச் சுலபமான வழி இல்லை. ஒரு வரி. எனக்கு அந்த மாதிரி வரி எழுத மூச்சு விடும் நேரம் போதும். ஆபிரகாம் அங்கிள் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஊதுவேன் சார்" என்றார்.

"ஏனு?" என்றார் எஸ்.ஐ. அவர்கள். என்ன என்று அர்த்தம்.

"யாரு வந்து சொன்னாலும் ஊதுவேன். அப்பால விசாரிக்கலாம்."

எஸ்.ஐ. அவர்களுக்குக் கோபம் வந்தது. சுரங்கத்தைத்தான் மூடியாயிற்றே, இனிமேல் அங்கே யார் இறங்கப் போகிறார்கள், யாருக்காக ஊதப் போகிறாய் என்று கேட்டார்.

"நேத்து ரெண்டு பேர் எறங்கினாங்களே சார்" என்றார் ஆபிரகாம் அங்கிள்.

ஷைலஜா அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். யாரும் கேட்காமலே நான் ஒன்று சொன்னேன். சங்கு ஊதாமல் இருந்திருந்தால் என் அப்பா தண்ணீரில் இறங்கியிருக்க மாட்டார், அது உண்மை, அதை நேற்றிலிருந்து நான் நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் எதிர்க்கரையில் ஏறாமல் நான் அடியிலேயே மாட்டிக்கொண்டு கிடந்திருந்தால், மேலே எனக்காக இருந்தது அந்தச் சங்கு ஒன்றுதான். உயிரோடு இருக்கும்போதே எனக்குச் சங்கு ஊதியவர் என்று ஆபிரகாம் அங்கிளை ஊரில் கேலி செய்யலாம், நானே செய்வேன். அவரை வேலையிலிருந்து எடுப்பதற்கு என் பெயரைக் காரணமாக எழுதக் கூடாது.

இதைச் சொல்லி முடித்ததும் எஸ்.ஐ. அவர்கள் மேஜையிலிருந்த புதுத் தாளை என் பக்கம் தள்ளினார். "பரி" என்றார். எழுது என்று அர்த்தம். அந்த ஆள் சொன்னதை, அவன் சொன்ன வார்த்தையிலேயே, ஒரு எழுத்து மாற்றாமல் எழுது, அதிகாரிக்கு நானே வாசித்துக் காட்டுகிறேன் என்றார்.

எழுதியிருக்கிறேன்.

மேலே கண்டவை நான் பார்த்ததும், செய்ததும், பிறர் சொல்லி அறிந்ததும் ஆகும். அப்பாவுக்கும் ஆபிரகாம் அங்கிளுக்கும் முழுவதும் வாசித்துக் காட்டினேன். அப்பா சரி என்றார். ஆபிரகாம் அங்கிள், ஐஸ் வண்டி விஷயத்தை அடிக்கச் சொன்னார். அது நடந்தது என்பதால் அடிக்கவில்லை. இதில் ஒரு வரியும் விளையாட்டுக்கு எழுதியதல்ல என்று சம்மதித்துக் கையெழுத்திடுகிறேன்.

மு. குணசுந்தரி

சிறுமியின் தகப்பனார்: முனிரத்தினம்
முன்னிலை: ஷைலஜா, பெண் காவலர்